நவஜீவனில் ஏறி கோல்ட்ப்ளே பார்க்கப் போன கதை

ஜனவரி 23, 2025, வியாழன். ரயிலில், விஜயவாடா தாண்டி

சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல். தெரிந்துதான் ஏறினோம். விமானத்தில் போயிருக்கலாம், ஆனால் இந்த வாரக் கடைசிக்கு மட்டும் டிக்கெட் விலை எங்கேயோ போய்விட்டது, அந்தக் காசுக்கு இன்னொரு கச்சேரியே பார்த்துவிடலாம் என்று தாத்தா சொல்லிவிட்டான். தாத்தா என்பது பட்டப்பெயர். இருபது வயதிலேயே தலை நரைத்த பையனுக்கு ஹாஸ்டலில் வேறென்ன பேர் வைப்பார்கள். ரயிலில் என்னோடு வருவது அவனும் மாமாவும். மாமா, ஜப்பான் எல்லாமே பட்டப்பெயர்கள்தான். ஜப்பான் மட்டும் பெங்களூரிலிருந்து விமானம், ஏதோ கிரெடிட் கார்டு பாயின்ட் சேர்ந்து கிடந்ததாம்.

நாங்கள் நாலு பேரும் திருச்சியில் ஒரே விங். விங்குக்கே ஒரு கம்ப்யூட்டர், அது தாத்தாவுடையது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஒரு எம்பி3 சிடியில் இங்கிலாந்து ராக் குழுவான கோல்ட்ப்ளேயின் முதல் இரண்டு ஆல்பங்களும் முழுசாக இருந்தன, 2000-இல் வந்த 'பாராஷூட்ஸ்', 2002-இல் வந்த 'எ ரஷ் ஆஃப் பிளட் டு தி ஹெட்'. கூடவே டிராவிஸ் என்ற வேறொரு குழுவின் பாட்டு ரெண்டு மூன்றையும் கோல்ட்ப்ளே என்று பேர் போட்டு ஏற்றியிருந்தார்கள். சிடி போட்டவன் யாரோ, அவன் புண்ணியத்தில் டிராவிஸ் பாடியதெல்லாம் கோல்ட்ப்ளே பாடகர் கிறிஸ் மார்ட்டின் பாடியதாகவே எங்கள் விங்கில் ரொம்ப நாள் ஓடியது.

இப்போது எங்களுக்குள் பொதுவாக இருப்பது அது ஒன்றுதான். மிகைப்படுத்தவில்லை. அரசியல், பிள்ளைகளை எந்தப் பள்ளியில் போடுவது, வீடு வாங்குவதா வாடகையில் இருப்பதா, எதை எடுத்தாலும் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை. சண்டை முற்றும்போது யாராவது ஒருவன் ஒரு வார்த்தையும் எழுதாமல் ஒரு கோல்ட்ப்ளே பாட்டின் லிங்க்கைப் போடுவான். போதும் நிறுத்துங்கடா என்று அர்த்தம். அப்புறம் சண்டை அப்படியே பழைய கோல்ட்ப்ளேயா புது கோல்ட்ப்ளேயா என்று திரும்பிவிடும், அதில் யாருக்கும் அடிபடாது. இத்தனை வருஷமாக அந்தக் குரூப் கலையாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்பது என் எண்ணம். நாலு பேரும் நேரில், ஒரே ரூமில், சேர்ந்தாற்போல் சில நாள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு லேசாகக் கவலை. நேரில் லிங்க் போட முடியாதே.

டிக்கெட் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் வினை. போன செப்டம்பர் 22-ஆம் தேதி மும்பைக் கச்சேரிக்கு விற்பனை ஆரம்பித்தபோது நாலு பேரும் நாலு ஊரில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஜப்பானுக்கு வரிசையில் ஏழு லட்சத்துச் சொச்சம். எனக்கு அதைவிடப் பின்னால். அங்கே கிடைக்கவில்லை. நவம்பரில் அகமதாபாத்துக்கு விட்டபோது கிடைத்தது, ஆனால் நாலும் சேர்ந்து கிடைக்கவில்லை. இரண்டு ஒரு ஸ்டாண்டில், இரண்டு இன்னொரு ஸ்டாண்டில். 4,500 ரூபாய் டிக்கெட். யார் யாரோடு உட்காருவது என்று இன்னும் பேசவில்லை.

எங்கள் பெட்டியில் எதிரே சௌகார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, கணவரோடு. குஜராத்திக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது சென்னை, தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுகிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு டப்பாவைத் திறந்து தேப்லா என்கிற வெந்தயக்கீரை ரொட்டியும் மாங்காய்த் துருவலில் வெல்லப்பாகு மாதிரி ஊறிய சுந்தா ஊறுகாயும் எடுத்து, கேட்காமலே மூன்று பேருக்கும் பேப்பர் தட்டில் வைத்துவிட்டார். "கல்யாணத்துக்கா போறீங்க?" என்றார். கச்சேரிக்கு என்றோம். டிக்கெட் விலையைக் கேட்டார், சொன்னோம். "பாட்டு கேக்க நாலாயிரத்து ஐநூறா? மொபைல்ல வராதா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அவர் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி எங்களை ஒரு பார்வை பார்த்தார். முடியெல்லாம் நரைத்துப்போன தாத்தாவைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

ஜனவரி 24, வெள்ளி. மணிநகர் லாட்ஜ்

காலையில் எழுந்தபோது வெளியே மகாராஷ்டிரம். ஜல்காவ் பக்கம் பாதை நெடுக வாழைத்தோப்பு, நந்தூர்பார் தாண்டினதும் வறண்ட காடு. மாமா மேல் பர்த்தில் படுத்துக்கொண்டு பாட்டுப் பயிற்சி செய்தான். அவனுக்கு கோல்ட்ப்ளேயில் நாலு பாட்டுக்கு மேல் தெரியாது. ஹாஸ்டலில் நாங்கள் கேட்டபோது கூடப் படுத்திருந்தவன், அவ்வளவுதான் அவன் ரசனை. ஆனால் குரூப்பில் சண்டை வந்தால் முதலில் லிங்க் போடுபவன் அவன்தான், எப்போதும் 'யெல்லோ'. வேறு பாட்டு தேட அவனுக்குத் தெரியாது.

சூரத்துக்கு அப்புறம் நர்மதை வந்தது. அங்கலேஷ்வரைத் தாண்டியதும் பாலம், பக்கத்திலேயே 1881-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், அடியில் அகலமான ஆறு. பரூச் ஸ்டேஷனில் உப்புக் கடலை ரொம்பப் பிரபலம் என்று சௌகார்பேட்டை அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். உப்புத் தண்ணீரில் நனைத்து வறுத்தது, கடித்தால் சத்தமே வராமல் மாவாக உடைகிறது. 50 ரூபாய்க்கு வாங்கியது வடோதரா வருவதற்குள் தீர்ந்துவிட்டது, இன்னும் நூறு ரூபாய்க்கு வாங்காமல் விட்டோமே என்று மூவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம்.

அகமதாபாத் ஸ்டேஷனில் இறங்கியது ஆறே முக்கால். ஜப்பான் ஏற்கெனவே ஊரில் இறங்கி, நாங்கள் நவம்பரிலேயே பதிவு செய்து வைத்திருந்த ஹோட்டலின் வரவேற்பு மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குரல் ஏறியிருந்தது. "சிஸ்டத்தில் கேன்சல் ஆகிவிட்டது" என்றார்கள். யார் கேன்சல் செய்தது என்றால் பதில் இல்லை. அதே ரூம் இருக்கிறது, ஆனால் ராத்திரிக்கு 14,000 ஆகும் என்றார்கள். நாங்கள் போட்டது 3,200. மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் பாவம், இருபத்திரண்டு வயதிருக்கும், எங்களுக்கு முன்னால் இன்னும் பத்துப் பேரிடம் இதையே சொல்லியிருப்பான் போலிருக்கிறது, எங்கள் முகத்தைப் பார்க்காமல் மனப்பாடமாக ஒப்பித்தான். கட்டிய பணம் வங்கிக்கு ஒரு வாரத்தில் வரும் என்றான். வந்தால் எழுதுகிறேன்.

ஒரு மணி நேரம் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்ததில் மணிநகரில் ஒரு லாட்ஜ் கிடைத்தது. நாலு பேருக்கும் ஒரே ரூம், இரண்டு கட்டில், தரையில் இரண்டு மெத்தை, 2,800 ரூபாய். சுடுதண்ணீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை. ஜப்பான் பாத்ரூமைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினான். "ஹாஸ்டல் நம்ம விங்கைவிட இது மேல்டா" என்று மாமா சமாதானம் சொன்னான். அது நிஜம்.

ராத்திரி மாணேக் சௌக். காலையில் காய்கறிச் சந்தை, பகலில் நகைக்கடை வீதி, கடை மூடியதும் அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு விடியவிடியச் சாப்பாடு. பாவ் பாஜியில் வெண்ணெய் போடுகிறவர் கரண்டியால் போடவில்லை, கட்டியை அப்படியே எடுத்துக் கல்லில் தேய்த்தார். குவாலியர் தோசை என்று ஒன்று, உள்ளே பனீர், சீஸ், தக்காளி, இன்னும் என்னென்னவோ, 220 ரூபாய். தோசை என்ற பேரில் இதைச் செய்வதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று தாத்தா அரை மணி நேரம் பேசினான், பேசிக்கொண்டே பாதிக்கு மேல் அவன்தான் தின்றான். அன்னாசிப்பழ சாண்ட்விச் ஒன்றும் சாப்பிட்டோம். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

குளிர் 15 டிகிரி இருக்கும். அகமதாபாத்காரர்கள் ஸ்வெட்டர், குல்லா, மப்ளர். நடுவில் அரைக்கை டிசர்ட்டில் நடுங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் கச்சேரிக்கு வந்தவர்கள்.

ஜனவரி 25, சனி. அதே லாட்ஜ், ரூமில் பேச்சு இல்லை

இன்றைக்கு முதல் கச்சேரி, எங்களுடையது நாளைக்கு. எனவே ஊர் சுற்றினோம்.

லால் தர்வாஜாவில் நியூ லக்கி ரெஸ்டாரன்ட். மேஜைகளுக்கு நடுவே நிஜமான சமாதிகள், பச்சை வண்ணம் அடித்து, சுற்றிக் கம்பி வேலி போட்டு, மேலே பூ. பழைய கல்லறைத் தோட்டத்தின் மேல் கட்டிய கடை. வெயிட்டர்கள் கையில் தட்டோடு சமாதியைச் சுற்றி வளைந்து போகிறார்கள், ஒருவர் கால்கூட வேலியில் படவில்லை. மஸ்கா பன்னும் டீயும் அருமை. எம்.எஃப். உசேன் கொடுத்த ஓவியம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது, அவர் இங்கே வந்து டீ குடிப்பாராம். எங்கள் மேஜையில் இடம் கேட்டு உட்கார்ந்த பெரியவர், நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு இந்தியில், "ஸ்டேடியம் ஆளுங்களா?" என்றார். ஆமாம் என்றதும், போகிற வழியில் கண்ணாடிப் பாட்டில் தண்ணீர் கொண்டுபோகாதே, பவர் பேங்க் கொண்டுபோகாதே என்று வரிசையாகச் சொன்னார். அவர் பேரன் அங்கே தன்னார்வத் தொண்டனாம்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சிதி சையத் மசூதி. 1573-இல் முடித்த கட்டடம். அதன் கல் சன்னலில் ஒரு மரமும் அதன் கிளைகளும் பின்னிப் பின்னிப் போகிறமாதிரி செதுக்கியிருக்கிறார்கள். படத்தில் நூறு தடவை பார்த்ததுதான், அகமதாபாத் ஐஐஎம் சின்னத்துக்கே அதுதான் மூலம். ஆனால் உள்ளே நின்று, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது பார்த்தால் கல் என்றே தோன்றவில்லை. ஜப்பான் கால் மணி நேரம் அசையாமல் நின்றான். பேசாமல் இருந்தால் நல்லவன்தான்.

மதியம் ஒரு தாலி சாப்பிடப் போனோம், 450 ரூபாய், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். அங்கே வெடித்தது. பரிமாறுகிறவர்கள் நிற்காமல் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், உந்தியு, கடி, ரொட்லி மேல் நெய், பருப்பில்கூட வெல்லம். பருப்பில் ஏன் இனிப்பு என்று தாத்தா ஆரம்பித்தான், அதிலிருந்து எந்த மாநிலம் எப்படி என்று போனது, ஜப்பான் ஏதோ பதில் சொன்னான், அடுத்த நிமிஷம் பட்ஜெட், வரி, ஜிஎஸ்டி, யார் யாருக்கு ஓட்டுப் போட்டது, ஏன் போட்டது. தாத்தா ஒரு வார்த்தை விட்டான். அதை இங்கே எழுத முடியாது. ஜப்பான் கையைக் கழுவிவிட்டு வெளியே போய் நின்றான். நடுவில் பரிமாறுகிற தம்பி ஒன்றும் புரியாமல் இன்னொரு பூரியைத் தாத்தா தட்டில் வைத்தான். மாமா பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், குரூப்பைத் திறந்து 'யெல்லோ' லிங்க்கைப் போட்டான். மேஜையில் மற்ற இரண்டு போனும் டிங் என்றன, வெளியே நின்றவனுடையதும் அடித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் சபர்மதி ஆற்றங்கரை. அடல் பாலத்தில் நடக்க டிக்கெட் உண்டு. பட்டம் விடும் உத்தராயணம் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருக்கிறது, எல்லா மரத்திலும் எல்லா மின்கம்பத்திலும் கிழிந்த பட்டமும் மாஞ்சாவும். ஒரு வேப்பமரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளை நூல்கள் இலையே தெரியாதபடி சிக்கிக் கிடந்தன, கீழே ஒரு பையன் பொறுமையாக ஒரு நுனியைப் பிடித்துச் சின்னக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தான், அடுத்த வருஷத்துக்காம். ஜப்பான் முன்னால் நடந்தான், தாத்தா பின்னால் நடந்தான், நானும் மாமாவும் நடுவில்.

ரூமுக்கு வந்து டிக்கெட் பிரிக்கும் பேச்சு எடுத்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. மாமா எழுந்துபோய், "நானும் இவனும் ஒரு பக்கம். நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான். மறுத்துப் பேச யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு. எழுதும்போது மணி இரவு ரெண்டரை

காலையில் தெருமுனைப் பள்ளியில் கொடியேற்றி பூந்தி கொடுத்தார்கள். எதிர்க்கடையில் ஃபாஃப்டா ஜிலேபிக்கு வரிசை, ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த ஊரில் அதுதான் பலகாரம். கடலைமாவைப் பலகையில் உள்ளங்கையால் ஒரே இழுப்பு, அப்படியே கத்தியால் வழித்து எண்ணெயில் விடுகிறார். கூடப் பப்பாளிக்காய்த் துருவல், பொரித்த பச்சைமிளகாய். தாத்தாவும் ஜப்பானும் ஒரே பொட்டலத்தில்தான் சாப்பிட்டார்கள், ஆனால் பேசிக்கொள்ளவில்லை.

காங்கரியா ஈஸ்டில் மெட்ரோ ஏறி, ஓல்ட் ஹைகோர்ட்டில் மாறி, மோட்டேரா. ரயிலில் எல்லாரும் பாடிக்கொண்டே வந்தார்கள், கோஹிமாவிலிருந்து வந்த ஒரு பெண்கள் குழு ஹார்மனியோடு பாடியது, பெட்டியே வாயை மூடிக்கொண்டு கேட்டது. மோட்டேராவில் இறங்கியபோது மணி மூன்று, வெயில் சுள்ளென்று இருந்தது. நான்கு இடத்தில் சோதனை. என் சீப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், மாமா பையில் இருந்த ஆறு வாழைப்பழத்தை விட்டுவிட்டார்கள். கேட்டில் கைப்பட்டை கொடுத்தார்கள். அங்கேதான் பிரிந்தோம். தாத்தாவும் ஜப்பானும் ஒரு பக்கம் போனார்கள், இருவருக்கும் நடுவே மூன்றடி இடைவெளி.

எங்களுக்கு மேல்தளம். 1,32,000 பேர் உட்காரும் மைதானம், அதில் மேடை எதிர் முனையில், கிறிஸ் மார்ட்டின் நகத்தின் அளவு தெரிவார். மாமா உட்கார்ந்ததும் மேடையைப் பார்க்கவில்லை, கீழே பிட்ச் இருக்குமிடத்தைத் தேடினான். "இங்கதான்டா ஹெட் 137 அடிச்சான்" என்றான். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அதை அவன் மறக்கமாட்டான். இந்தச் சுற்றுப்பயணத்துக்கு முன் கோல்ட்ப்ளே இந்தியாவில் வாசித்ததும் நவம்பர் 19-தான், 2016, மும்பை எம்எம்ஆர்டிஏ மைதானம், ஏ.ஆர். ரஹ்மானும் மேடைக்கு வந்தார். அதைச் சொன்னேன். அந்தத் தேதியே வேண்டாம் என்றான்.

மது கிடையாத மாநிலத்தில் ராக் கச்சேரி என்று ஆன்லைனில் கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு குறையும் இல்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு ராஜ்கோட் குடும்பம், பாட்டி உட்பட ஏழு பேர், தேப்லா உள்ளே விடாததால் பாப்கார்ன், ஒரு டப்பா 200 ரூபாய். பாட்டி அதில் பாதியை எங்கள் பக்கம் நீட்டினார். மாமா பதிலுக்கு வாழைப்பழம் கொடுத்தான்.

ஜஸ்லீன் ராயல், எலியானா பாடி முடித்து, எட்டு மணிக்குச் சற்று முன்னால் விளக்கு அணைந்தது. எல்லார் கையிலும் இருந்த பட்டை ஒரே நேரத்தில் எரிந்தது. மாமா என் தோளைப் பிடித்து, "டேய், கார்த்திகைடா" என்றான். சரியாகத்தான் சொன்னான். அது அவரவர் இஷ்டத்துக்கு எரிவதில்லை, எங்கிருந்தோ சிக்னல் அனுப்பி நிறம் மாற்றுகிறார்கள், நம் கையே நம் பேச்சைக் கேட்காமல் சிவப்பாகிறது, நீலமாகிறது. 'யெல்லோ'வுக்கு மைதானம் முழுக்க மஞ்சள். அந்தப் பாட்டு வந்தபோது மாமா கத்திய கத்தில் ராஜ்கோட் பாட்டி திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு சண்டைக்கும் அவன் போட்ட பாட்டு. ஒரு வரியும் சரியாகத் தெரியாது அவனுக்கு, ஆனால் எந்த இடத்தில் எது வருகிறது என்பது தெரிந்திருந்தது.

'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' பாதியில் நிறுத்திவிட்டு, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் போனை உள்ளே வையுங்கள் என்று கேட்டார் கிறிஸ் மார்ட்டின். இதை எல்லா ஊரிலும் செய்வார், தெரியும். தெரிந்திருந்தும், லட்சம் பேர் போனை இறக்கியபோது மைதானம் வேறு மாதிரி ஆனது. கைகள் சும்மா இருந்ததால் எல்லாரும் குதித்தார்கள், மேல்தளம் அதிர்வது காலில் தெரிந்தது, எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அப்புறம் பும்ரா. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவரைத் திரையில் காட்டினார்கள். அந்த நேரம் எழுந்த சத்தம் எந்தப் பாட்டுக்கும் எழவில்லை, கோல்ட்ப்ளே ரசிகனாக இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கிறிஸ் மார்ட்டின் பும்ராவுக்காக அந்த இடத்திலேயே நாலு வரி கட்டிப் பாடினார், நீ இங்கிலாந்து விக்கெட்டை வரிசையாக எடுப்பதை நாங்கள் ரசிக்கவில்லை என்கிற அர்த்தத்தில். மாமா நாற்காலி மேல் ஏறிவிட்டான். இறக்குவதற்குப் பின்வரிசைக்காரரின் உதவி தேவைப்பட்டது. குடியரசு தினம் என்பதால் 'வந்தே மாதரம்', 'மா துஜே சலாம்' பாடினார். உச்சரிப்பு அப்படி இப்படித்தான். ரஹ்மான் பாட்டுக்கு நாங்கள் தமிழ் வரிகளைப் பாடினோம், முன்வரிசை இந்தியில் பாடியது.

நடுவில் என் மனைவியிடமிருந்து மெசேஜ். ஹாட்ஸ்டாரில் நேரலை ஓடுகிறதாம், ஜானி பக்லேண்டின் விரல் கிட்டார் தந்தியில் போவதுவரை தெரிகிறதாம், பிள்ளைகளுக்குப் பூரி சுட்டுக்கொண்டே பார்க்கிறாளாம். சௌகார்பேட்டை அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

'ஃபிக்ஸ் யூ' வந்தபோது எதிர் ஸ்டாண்டைப் பார்த்தேன். அங்கே எங்கேயோ அந்த இரண்டு பேரும். தாத்தா 2005-க்கு அப்புறம் வந்த எதையும் ஒத்துக்கொள்ளாதவன். கோல்ட்ப்ளேயின் நாலு பேரும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஹாஸ்டலில் சந்தித்த கதையை, டிரம்ஸே தெரியாத வில் சாம்பியனை டிரம்ஸில் உட்கார வைத்த கதையை, ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். ஜப்பானுக்கு மகள் மூலமாகத்தான் கோல்ட்ப்ளே மறுபடி வந்தது, 2021-இல் கொரியப் பாப் குழுவான பிடிஎஸ்ஸோடு சேர்ந்து பாடியதிலிருந்து. அதற்காகவே தாத்தா அவனை மூன்று வருஷமாகக் கிண்டல் செய்கிறான். நேற்றைய சண்டைக்கு அப்புறம் இந்தப் பாட்டுக்கு இரண்டு பேரும் கையை எங்கே வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தேன். சிக்னல் இல்லை, மெசேஜ் போகவில்லை.

முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம். கைப்பட்டையைப் போடப் பெட்டிகள் வைத்திருந்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் எத்தனை சதவீதம் திருப்பிக் கொடுத்தார்கள் என்று இந்தச் சுற்றுப்பயணத்தில் கணக்கு வைக்கிறார்கள், எங்களுடையதைப் போட்டோம். மெட்ரோ வாசலில் 50 ரூபாய் காகித டிக்கெட், ஒரு லட்சம் பேர் வரிசையில், தள்ளுமுள்ளு கிடையாது, ஒரு போலீஸ்காரர் மெகாபோனில் "சலோ பாய், சலோ" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார், கூட்டம் அதற்கு எதிர்ப்பாட்டு பாடியது. அங்கே பார்த்தோம் அந்த இருவரையும். தூரத்திலிருந்தே கைகளை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிட்டே வந்தபோது கேட்டது, "'ஃபிக்ஸ் யூ' ஆர்கன்ல ஆரம்பிக்கணும்டா, ஒரிஜினல்ல அப்படித்தான்" என்று தாத்தா, தொண்டை கட்டிப்போய். "லைவ்ல மாத்தினா தப்பா?" என்று ஜப்பான், அவனுக்கும் குரல் இல்லை. மாமா என்னைப் பார்க்கவில்லை, மெட்ரோ டிக்கெட்டை எண்ணுகிற மாதிரி நடித்தான். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டோம். "என்ன நடக்கும், பாட்டு பாடினாங்க" என்றான் ஜப்பான்.

காங்கரியா ஈஸ்டில் இறங்கி ஆட்டோ. பேச்சைக் கேட்டுவிட்டு டிரைவர் திரும்பி, "நீங்க மெட்ராஸா அண்ணே?" என்றார். நாலு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். அவருடைய தாத்தா காலத்தில் மில் வேலைக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம், மணிநகர், கோக்ரா பக்கம் அப்படி நிறைய பேர் உண்டாம். தங்கச்சி பிள்ளைகள் படித்த மணிநகர் தமிழ்ப்பள்ளியை 2020-இல் மூடிவிட்டார்கள், பிள்ளைகள் குறைந்துவிட்டது என்று. "இப்ப எல்லாம் குஜராத்தி மீடியம்தான். வீட்டுல நான் பேசினா பதில் குஜராத்தில வருது" என்றார். பேசிக்கொண்டே வந்தவர் இறங்கும்போது, "மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்க?" என்றார். ரெண்டு நாளாக எல்லாரும் ஸ்டேடியம் ஸ்டேடியம் என்கிறார்களே என்று. "பும்ரா" என்றான் மாமா. நூற்றைம்பது ரூபாய் வாங்கினார். நம்ம ஊர்க்காரர் என்று மாமா இழுத்துப் பார்த்தான், ராத்திரி ரேட்டு அண்ணே என்றார், சரிதான்.

ஜனவரி 27, திங்கள். ரயிலில்

குரல் இல்லை, கால் வீங்கியிருக்கிறது, சுடுதண்ணீர் எட்டு மணிக்கு நின்றுவிட்டது, நாங்கள் எழுந்தது எட்டே கால்.

ஜப்பானை விமான நிலையத்துக்கு அனுப்பும்போது அவன் பையிலிருந்து கைப்பட்டை எட்டிப் பார்த்தது. தாத்தா பார்த்துவிட்டான். அகமதாபாத் சதவீதத்தைக் குறைத்தவனே நீதான் என்று பிடித்துக்கொண்டான். மகளுக்காம். அது இனிமேல் எரியாதுடா, சிக்னல் இருந்தால்தான் எரியும் என்று தாத்தா விளக்கினான். எரியாவிட்டாலும் அவளுக்கு வேண்டுமாம்.

ரயில் ஏறியதும் தாத்தா எக்ஸெலைத் திறந்தான். ஆளுக்கு 14,870 ரூபாய், கச்சேரி டிக்கெட்டையும் ஜப்பானுடைய விமானத்தையும் சேர்க்காமல். தாலிக்கு ஜப்பான் பங்கைச் சேர்க்கலாமா, அவன் பாதியில் எழுந்துபோனானே என்று மாமா கேட்டான். சேர்க்கலாம், அவன் அதற்குள் எட்டு ரொட்லி முடித்துவிட்டான் என்று தாத்தா சொன்னான், எண்ணியிருக்கிறான். பரூச் வந்ததும் இந்தத் தடவை அரை கிலோ கடலை வாங்கினோம். அதைக் கணக்கில் நாலாகப் பிரிப்பதா மூன்றாகப் பிரிப்பதா என்று குரூப்பில் கேட்டிருக்கிறோம், ஜப்பான் பெங்களூரில் இறங்கிவிட்டான், மெசேஜைப் பார்த்துவிட்டான், பதில் இல்லை, ஒரு பாட்டு லிங்க் மட்டும் போட்டிருக்கிறான். பிடிஎஸ் பாட்டு. தாத்தா டைப் செய்துகொண்டிருக்கிறான்.